கெனீமா சொல்லாத கலிமா

எங்கள் மலையில் பெண்ணுக்குச் சொத்து கிடையாது. நிலமும் ஆலிவ் மரமும் அத்தி மரமும் ஆண்பிள்ளைகளுக்குத்தான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் வாழாவெட்டியாகத் திரும்பி வந்துவிட்டால் அப்பன் வீட்டில் அவளுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்பும் உண்டு. சாகிறவரை அதை எந்தக் கூடப்பிறந்தவனும் பிடுங்க முடியாது. பிடுங்கினால் ஊர்க்கூட்டம் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்கும். கெனீமா இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறாள் என்றால் அந்த வழக்கத்தால்தான். அவள் தம்பி பெலாயித்தின் நல்ல மனசால் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை என்னிடம் அனுப்பி வையுங்கள்.

நான் மல்ஹா, எதிர்வீட்டுக்காரி. நோன்பு பிடிக்கிறவள், முழங்கால் இடம் கொடுக்கிற அன்று தொழுகிறவள். கெனீமாவின் வேதம் எனக்கு வேண்டாம், அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளை நான் திட்டிய திட்டை இந்த ஊரில் வேறு யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். மற்றவர்கள்தான் அவளிடம் பேசுவதே இல்லையே, எங்கே திட்டுவது?

அவளைப் பூய்ரா ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளை மூட்டை முடிச்சோடு பேருந்து ஏற்றிவிட்டான். வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். மஞ்சளும் சிவப்புமாக வளைந்து வளைந்து ஓடுகிற நாடாவை மார்பிலும் கைவிளிம்பிலும் வைத்து அவள் தைத்த கல்யாண உடுப்பைப் போடாத பெண் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு அவள் அம்மா ஜோஹர் காபி போட்டுக் கொடுத்து, கல்யாணச் செய்தி அத்தனையும் கறந்துவிடுவாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்புச் சத்தம் இருந்தது.

பிறகு கெனீமாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தீசி நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை. பெலாயித் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது, ஆலிவ் அறுவடைக் காலம். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் வீட்டில் ஆள் இருக்காது. கிழவி முதல் கைக்குழந்தை வரை சரிவில்தான் கிடப்போம். மழைக்கு முன்னால் பொறுக்கி எடுக்காவிட்டால் வருஷம் முழுக்க எண்ணெய் இல்லை. அதனால் அவளைப் பார்க்க யாரும் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைப் பார்க்க வந்த சாதியா என்கிற பெண்தான் இவளுக்கும் கஞ்சி கொண்டுவந்தாள், தலை வாரிவிட்டாள், உடம்பு துடைத்துவிட்டாள். அவள் கிறிஸ்துவை நம்புகிறவள். எங்கள் மலையில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், எங்களைப் போலவே பேசி எங்களைப் போலவே கோதுமைக் கூஸ்கூஸ் சோறு தின்கிறவர்கள்தான்.

ஊர் திரும்பிய பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கெனீமா நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். கேட்டால் நூல் வாங்கப் போகிறேன் என்பாள். "இவ வாங்கின நூலுக்கு மலையையே சுத்திக் கட்டலாம்," என்று ஜோஹர் என்னிடம் முனகினாள். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜோஹரே வாய்விட்டுக் கேட்டாள். கெனீமா மறைக்கவில்லை. "நான் இயேசுவை நம்புறேன் யம்மா. ஞானஸ்நானமும் எடுத்துட்டேன்," என்றாள். இவள் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். பொய் சொல்லத் துப்பில்லாத பெண்.

பெலாயித் அவள் துணிமணியைத் தெருவில் போட்டான். ஊர்க்கூட்டத்தார் வந்து எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். "அவ எதை வேணா கும்பிடட்டும், பதில் சொல்ல வேண்டியது அவ. அறை உங்க அப்பன் கொடுத்தது," என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவனால் மீற முடியவில்லை. சிமெண்ட் கல் வாங்கி வந்து, அம்மாவின் அறைக்கும் இவள் அறைக்கும் நடுவே இருந்த கதவை அடைத்துச் சுவர் எழுப்பினான். கொத்தனார் யாரும் வரவில்லை, அவனே கட்டினான், கோணல்மாணலாக. கட்டும்போது அவன் அழுததை நான் பார்த்தேன். "என் அக்கா நரகத்துல விழறத நான் கைகட்டிப் பாத்துட்டு நிக்கணுமா?" என்று என்னிடமே கேட்டான். கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனிடம் மாட்டிக்கொள்வதற்குக் கெட்டவனே தேவலை.

அதன்பிறகு கல்யாண உடுப்பு தைக்க யாரும் வரவில்லை. அவள் கைபட்டதைப் புதுப்பெண்ணுக்குப் போட்டால் ஆகுமா என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் இவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். நகரத்துக் கடை ஒன்றுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். இன்னொரு பக்கம், கிறிஸ்துவை நம்புகிறவர்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் நகரத்தில் கூடித் தொழுத வாடகைக் கூடத்தையும் அரசாங்கம் பூட்டி முத்திரை வைத்துவிட்டது. சாதியா மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. வெள்ளிக்கிழமை காலையில் கெனீமா தன் அறையில் தனியாகப் பாடுவாள். என் ஜன்னலுக்குக் கேட்கும். பத்துப் பேர் சேர்ந்து பாட வேண்டிய பாட்டை ஒருத்தி மட்டும் பாடினால் எப்படி இருக்கும்? கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கும். ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஜோஹர் மட்டும் மகளை விடவில்லை. கதவை அடைத்தால் என்ன, தடியை ஊன்றிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி வருவாள். மடியில் ரொட்டி இருக்கும். வந்ததும், எங்கள் மார்க்கத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று கலிமா உறுதிமொழியைச் சொல்லச் சொல்லிச் சண்டை ஆரம்பிக்கும்.

"ஒரே ஒரு கலிமாடி. வாய்ல போட்டு வெளிய விடு. உள்ள நீ எதை வேணா வெச்சுக்க. யாரு கிழிச்சுப் பாக்கப் போறா?"

"உள்ள இருக்கறதுதானே யம்மா வாய்ல வரணும்."

"உங்கப்பனும் இப்படித்தான். புடிச்சா உடும்புப் பிடி. உன் தம்பி சுவத்த இடிச்சிடறேங்கறான்டி, நீ சொன்னா. எனக்கு இந்தச் சந்து மேடு ஏற முடியல."

"நான் தூக்கிட்டு வரவா?"

"தூக்குவ, தூக்குவ. எலும்பும் தோலுமா இருந்துகிட்டு. இந்தா, ரொட்டிய முழுங்கு."

இரண்டும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிடும்.

ஒரு குளிர்காலத்தில் பனி உறைந்த சந்தில் ஜோஹர் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போயிற்று. சர்க்கரை வியாதியில் கண்ணும் ஏற்கெனவே மங்கிக்கொண்டு வந்தது, படுக்கையில் விழுந்ததும் சுத்தமாகப் போய்விட்டது. கெனீமா தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள். "கலிமா சொல்லிட்டு உள்ள வா," என்றான் பெலாயித். மறுநாளும் போனாள். அதே வார்த்தை. தினமும் போனாள். அறை அவளுடையது என்று சொன்ன ஊர்க்கூட்டம், அவன் வாசல் அவனுடையது என்று சொல்லிவிட்டது.

நான் அவள் அறைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்காடி? பெத்தவ குருடியா கெடக்கறா. சொல்லித் தொலையேன். உன் இயேசு நல்லவருன்னு சொல்றியே, மன்னிச்சுக்க மாட்டாரா?"

"மன்னிப்பாரு அக்கா. அது எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன கேடு?"

அவள் மெத்தை உறையில் பாதி குத்திய ஊசியை அப்படியே விட்டுவிட்டாள். "ஆஸ்பத்திரியில ஒருத்தரும் வரல. நான் செத்தா நல்லதுன்னு நானே நெனச்சுட்டுக் கெடந்தேன். அப்ப என் பக்கத்துல இருந்தவரு அவரு. அவரைத் தெரியாதுன்னு வாசல்ல சொல்லிட்டு உள்ள போனா, யம்மா பக்கத்துல போய் உக்காரப் போறது யாரு அக்கா? அது நானா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிடிவாதத்துக்கு நல்ல பேர் வைத்துக்கொள்கிறாய் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றும் எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் நடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஜோஹருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்று மத்தியானம் பெலாயித் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டி வந்தான். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தான். எதிர்ப்பக்கம் நாங்கள் பெண்கள் நின்றிருந்தோம். கெனீமா அறையிலிருந்து கையில் நூல்துண்டு ஒட்டியபடியே ஓடி வந்தாள்.

"ஹஜ்ரத் இருக்காரு அக்கா. ஒரு தடவ சொல்லு. சொல்லிட்டு நேரா உள்ள போ. அப்புறமும் நான் தடுத்தா என்னைச் செருப்பால அடி," என்றான் பெலாயித். அக்கா என்று அவளைக் கூப்பிட்டு அவனுக்கு எத்தனையோ காலம் ஆயிற்று.

உள்ளேயிருந்து ஜோஹரின் குரல் கேட்டது. "யாரு வாசல்ல? கெனீமா வந்துட்டாளா?"

கெனீமாவின் உதடு பிரிந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள்.

"யம்மா, நான் வாசல்லதான் இருக்கேன்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் கெனீமா. அப்புறம் தம்பியைப் பார்த்தாள். "நான் அவ பொண்ணு பெலாயித். பொண்ணா உள்ள வரேன். அது போதாதா?"

"போதாது."

"அப்ப என்னால முடியாதுப்பா."

ஹஜ்ரத் சின்ன வயசுக்காரர். தரையைப் பார்த்துக்கொண்டே, "விடு பெலாயித். தாயைப் பாத்துட்டுப் போகட்டும். இப்படி வாங்கற கலிமா என்ன கலிமா?" என்றார்.

"உள்ள வாங்க ஹஜ்ரத், காபி ஆறுது," என்றான் பெலாயித். கதவைச் சாத்தினான்.

கெனீமா தன் அறைக்குப் போய், அடைத்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரோடு பேச ஆரம்பித்தாள். என்ன பேச்சு என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். கோழி அடை வைத்தது, கூரையில் ஒழுகுகிற இடம், ஊற்றில் தண்ணீர் பெருகியது. ஜோஹருக்குப் பிடித்த வம்பு எல்லாம். நான் அப்போது ஜோஹரின் படுக்கையருகே வந்து உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஜோஹர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பெலாயித் வந்து தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் விடிந்ததும் ஜோஹரின் கை காற்றில் துழாவியது. "கெனீமா?" என்றாள். பெலாயித்தின் மனைவி ஃபரூஜா என்னைப் பார்த்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் யம்மா."

"வந்துட்டியா. சொல்லிட்டியா?"

ஃபரூஜாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. "சொல்லிட்டேன் யம்மா."

"அப்பாடா," என்றாள் ஜோஹர். அந்தக் கையை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஃபரூஜா செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

குளிப்பாட்டக் கெனீமாவை விடவில்லை. உடலை வைத்துத் தூக்கிய சந்தூக்கு கிளம்பியபோது அவள் தன் வாசலில் நின்றாள். நேரே அங்கே வந்ததும் ஹஜ்ரத், "தோள் மாத்திக்கலாம், கொஞ்சம் நில்லுங்க," என்றார். வீட்டைத் தாண்டிப் பத்தடிகூட வரவில்லை, அதற்குள் என்ன தோள் மாற்றுவது? எல்லோருக்கும் புரிந்தது, நின்றார்கள். கெனீமா மேலே போர்த்திய துணியைத் தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவு விழுந்த வீட்டில் எங்களிடம் அடுப்பு மூட்டக் கூடாது. மூன்று நாளைக்கு அக்கம்பக்கத்தார்தான் மரத்தட்டில் கூஸ்கூஸும் குழம்பும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெலாயித் வீட்டுக்கு வந்த தட்டுகளை வைக்க இடமில்லை. இரண்டாம் நாள் அங்கே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "அவ வீட்டுப் புகையே காணோம் பாத்தியா? நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. டவுன்ல அவ கூட்டத்தோட போய்ச் சேந்துட்டா போல. பெத்தவ மண்ணு காயறதுக்குள்ள," என்றாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ரமலான் மாசத்தில் பகலில் அவள் சமைக்கிறாளா என்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்களாயிற்றே, இதை விடுமா? எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று போனேன். கதவைத் தள்ளினால் திறந்துகொண்டது.

ஆட்டுத்தோல் விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கறுப்புத் துணி. அடுப்பு சில்லென்று கிடந்தது, சாம்பல்கூட வழித்துச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். உதடு வெடித்திருந்தது.

"என்னடி இது? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"அடுப்பு ஏன் பத்த வெக்கல?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க யம்மா செத்துட்டா அக்கா. அடுப்பு மூட்டலாமா?"

அவள் எங்கேயும் போகவில்லை. மகளாக அங்கேயே உட்கார்ந்து, சாவு வீட்டு வழக்கத்தைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வேதத்தில் அதெல்லாம் கிடையாது, அவள் செய்யாவிட்டால் கேட்பார் இல்லை. செய்தாள். ஊர்தான் அவள் வீட்டையும் சாவு வீடாகக் கணக்கில் எடுக்க மறந்துபோயிற்று. இரண்டு நாளாக ஒரு ஜீவன் அந்தக் கதவைத் தட்டவில்லை. ஐயோ என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து ஒரு சேவலை அறுத்தேன். கூஸ்கூஸ் அவித்து, கொண்டைக்கடலையும் கோசும் போட்டுக் குழம்பு வைத்து, என் மாமியார் வழி வந்த பெரிய மரத்தட்டில் கொட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். எதிர்வீடுதான், நாலு எட்டில் போயிருக்கலாம். வேண்டுமென்றே ஊரைச் சுற்றி, ஊற்றுப் பக்கம் போய், பெலாயித்தின் வாசல் வழியாக வந்தேன். எல்லோரும் பார்க்கட்டும்.

துக்கம் கேட்க வந்தவர்களோடு வாசலில் நின்றிருந்த பெலாயித் தட்டை வாங்கக் கை நீட்டினான். "இப்படிக் கொடு மல்ஹாக்கா."

"உங்க வீட்டுக்கு நேத்தே கொண்டாந்தேன்பா. இது உன் அக்கா வீட்டுக்கு. அவளுக்கும் அம்மா செத்துட்டா."

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற ஆண்கள் வேறெங்கோ பார்த்தார்கள். நான் நடந்து போய்க்கொண்டே இருந்தேன்.

கெனீமா தட்டைப் பார்த்தாள். கண்ணை மூடி அவள் வழக்கப்படி முணுமுணுவென்று ஏதோ சொன்னாள். நான் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். "உக்காருங்க அக்கா, சாவுச் சோத்தைத் தனியா திங்கக் கூடாது," என்றாள். உட்கார்ந்தேன். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கொஞ்சம் சாப்பிட்ட பிறகு கேட்டாள்.

"நீங்க கிட்ட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. விளக்கு அணையற மாதிரிதான்."

"என்னைக் கேட்டாளா?"

கேட்டாள் என்றேன். ஃபரூஜா கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் கெனீமா என்று சொன்னதைச் சொன்னேன். நீ வந்துவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாகப் போனாள், முகமெல்லாம் தெளிந்துவிட்டது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். மிச்சத்தை நான் சொல்லவில்லை. கெனீமா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். யோசித்தாள்.

"நான் உள்ள வந்துட்டேன்னு நெனச்சாள்ல?"

"ஆமா."

"அப்ப, சொல்லிட்டியான்னு கேட்டிருப்பாளே."

நான் குனிந்து கொண்டைக்கடலையைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஃபரூஜா என்ன சொன்னா அக்கா?"

எனக்குப் பொய் நன்றாக வரும், ஊருக்கே தெரியும். அவள் முகத்துக்கு நேரே வரவில்லை. "சொல்லிட்டேன்னு சொன்னா," என்றேன்.

அடைத்த கதவுப் பக்கம் துக்க வீட்டுப் பெண்களின் பேச்சு கசகசவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் சொல்லல அக்கா."

"தெரியும்டி. நான்தான் வாசல்ல நின்னேனே. ஊருக்கே தெரியும்."

"யம்மாவுக்குத் தெரியாதே," என்றாள்.

அதன்பிறகுதான் அவள் அழுதாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.